எரிச்சலுக்கும் ஒரு வேலை உண்டு

வானொலியில் சர்க்கரை நோய், மாரடைப்பு, மன அழுத்தம் எதைப் பேசினாலும் நேயர்கள் அழைப்பார்கள். சிறுநீர் என்றால் மட்டும் தொலைபேசி அமைதியாகிவிடும். என் அப்பாவும் அப்படித்தான். சிறுநீரில் இரத்தம் கலந்து வந்ததை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. “வலியே இல்லைமா, உடம்புச் சூடுன்னு நினைச்சேன்” என்றார்.

நாற்பது வருடம் சிகரெட் பிடித்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகைதான் முதல் காரணம். அது பெரும்பாலும் வலியில்லாத இரத்தமாகவே முதலில் தலைகாட்டும்.

நல்ல வேளையாக, கட்டி தசைக்குள் இறங்கவில்லை. குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். மீண்டும் முளைக்காமலிருக்க டாக்டர் சொன்ன மருந்தின் பெயர்தான் எங்களைத் திகைக்க வைத்தது. பி.சி.ஜி.! பிறந்த குழந்தைக்குப் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்து. நம் கையில் தழும்பாக நிற்பது.

பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பல ஆண்டுகள் வளர்த்து, வீரியம் குறைத்து உருவாக்கியது அது. 1921இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதாக, கனடாவில் டாக்டர் அல்வாரோ மொராலெஸ் குழுவினர் 1976இல் எழுதினார்கள்.

வாரம் ஒரு முறை, ஆறு வாரம். மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆறு மணி நேரத்துக்கு, ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் கழிவறையில் குளோரோக்ஸ் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்தே தண்ணீர் விட வேண்டும். உள்ளே போவது உயிருள்ள கிருமி அல்லவா!

நான்காவது வாரம் அப்பா சோர்ந்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டம். தீயாய் எரிச்சல். “போதும்மா, நோயே தேவலாம்” என்றார். எனக்கும் பயம்தான். மருந்து நல்ல சவ்வையும் அரித்துவிடுகிறதோ?

டாக்டரிடம் கேட்டேன். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் மேலாக இருப்பவை குடை வடிவச் செல்கள். அவற்றின் மேல் வழவழப்பான ஒரு பூச்சு. சிறுநீர் உள்ளே ஊறாமல் காப்பது இவைதான். பி.சி.ஜி. அந்தச் சுவரில் ஒட்டியதும் உடம்பின் எதிர்ப்புப் படை அங்கே திரள்கிறது. சுவர் சிவந்து வீங்குகிறது. அந்தச் சண்டையில்தான் புற்றுநோய்ச் செல்கள் சாகின்றன. மைட்டோமைசின் போன்ற மருந்துகள் செல்களை நேரடியாகக் கொல்லும். இதுவோ நம் படையை எழுப்பிவிடுகிறது.

“எரிச்சல் ஓரிரு நாளில் தணிந்தால் பயமில்லை. கடுங்காய்ச்சல், நடுக்கம், கட்டிகட்டியாக இரத்தம் என்றால் உடனே வந்துவிடுங்கள்” என்றார் டாக்டர். சிறுநீரைச் சோதித்து, கிருமித்தொற்று இல்லை என்று உறுதி செய்து, சுவர் ஆறட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டார். அந்த ஒரு வார ஓய்வே அப்பாவை மனம் மாற்றியது. ஆறையும் முடித்தார்.

முதல் கேமரா சோதனையில் கட்டி இல்லை. இன்னும் பல சோதனைகள் பாக்கி இருக்கின்றன. இப்போது ஒட்டுக்கடை நண்பர்களிடம் அப்பாவே சொல்கிறார்: “நிறம் மாறினா வெட்கப்படாதடா. ஒரு தடவை வந்து நின்னு போனாலும் டாக்டர்கிட்ட போ.”