சிங்கியின் ரசீது புத்தகம்

நான் பி.காம். படிக்கிறவன். குற்றாலக் குறவஞ்சியைக் கணக்குப் புத்தகம் மாதிரிதான் படிச்சேன். சிரிக்காதீங்க, திரிகூடராசப்பக் கவிராயர் அப்படித்தான் எழுதியிருக்கார்.

வசந்தவல்லிக்குக் குறி சொல்லிவிட்டு ஊர்சுற்றும் சிங்கியைத் தேடி, பறவை பிடிக்கிற சிங்கன் அலையறான். கண்டுபிடிச்சதும் முதல் வேலையா சந்தேகப்படறான். காலில் என்ன விரியன் பாம்புன்னு கேட்டால், சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கின சிலம்புங்கிறாள். தண்டை, பாடகம், காலாழி... ஒவ்வொன்றுக்கும் எங்கே வாங்கினது, யார் கொடுத்ததுன்னு சிங்கி ரசீது காட்டறாள். மடங்கிப்போனவன் முத்தம் கேட்க, பட்டப்பகல்லயான்னு ஒரு அதட்டு. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கால் நகையோடு பாடம் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேலே போனால் வாத்தியார் பாடு திண்டாட்டம்.

இது 18ஆம் நூற்றாண்டு. அதுக்கு முன்னாடியே இங்கிலாந்தில் ஒற்றைத் தாளில் பாட்டு அச்சடிச்சுத் தெருவில் பாடி விற்றாங்க. சாமுவேல் பெப்பீஸ்னு ஒருத்தர் சேர்த்து வச்சது மட்டும் 1800க்கு மேல். அதில் வர்ற ஆபாசக் கேலியில் அடிக்கடி மாட்டறது பாத்திரத்து ஓட்டை அடைக்கிறவன், மாவரைக்கிறவன், தையல்காரன். ஓட்டை அடைக்கிறவன் சுத்தியலோட வீடு தேடி வருவான், வீட்டுக்காரன் இருக்கமாட்டான். மிச்சத்தை நீங்களே ஊகிச்சுக்குங்க. மாவரைக்கிறவன் எவ்வளவு எடுத்துக்கிட்டான்னு கொடுத்தவனுக்குத் தெரியாது. ஆக, அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கிறது வாடிக்கையாளரோட பயம்.

எங்க நாஞ்சில் நாட்டுப் பக்கம் அம்மன் கோயில் கொடையில் கரகாட்டம் வச்சா, நடுச்சாமத்துக்கு மேலே குறவன் குறத்தி ஆட்டம் வரும். பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லுவாங்க, பிள்ளைகள் போகாது. நான் பார்த்த ஆட்டத்தில் குறவன் இழுக்கறான், குறத்தி நெளியறாள், கூட்டம் விசிலடிக்குது. அவளுக்குப் பதில் பேச வாயே இல்லை. ரசீது புத்தகம் தொலைஞ்சு போச்சு.

எங்க பேரைச் சொல்லி எங்களையே அசிங்கப்படுத்தறாங்கன்னு குறவர் சமூகத்திலிருந்து எதிர்ப்பு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போய், 2023-ல் அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. கலை போச்சேன்னு எங்க ஊரில் வருத்தப்படற பெரியவங்க உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. சிங்கியை ஊமையாக்கினப்பவே அதில் பாதி போயாச்சு.

போன கொடையில் அதே நேரத்துக்கு சினிமாப் பாட்டு போட்டாங்க. இழுப்பும் நெளிவும் அப்படியேதான் இருந்தது, உடுப்பு மட்டும் வேற.