பாலையில் வெடித்த வீடு

ஒரு கலைப்படைப்பை முதன்முறை காண்பது வேறு. ஆண்டுகள் பல சென்றபின் மீண்டும் காண்பது வேறு. முதன்முறை காண்பவனுக்கு அருகே அவனுடைய காலமும் வந்து அமர்ந்துகொள்கிறது. அவன் கைதட்டும்போது அதுவும் தட்டுகிறது. அவன் முகம் சுளிக்கும்போது அதுவும் சுளிக்கிறது. பின்னாளில் காண்பவனோ படைப்பைத் தனியே சந்திக்க வேண்டியிருக்கிறது.

இத்தாலிய இயக்குநர் மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி அமெரிக்காவில் எடுத்த ‘ஸப்ரிஸ்கி பாயிண்ட்’ அத்தகைய மறுபார்வைக்கு உரிய திரைப்படம். 1966-இல் வெளிவந்த ‘புளோ-அப்’ ஈட்டிய வெற்றியை நம்பி, எம்.ஜி.எம். நிறுவனம் இப்படத்திற்குப் பெரும்பொருள் வழங்கியது. ஏறத்தாழ 7 மில்லியன் டாலர் செலவாயிற்று. வசூலோ ஒரு மில்லியனைக்கூட எட்டவில்லை. 1970 பிப்ரவரியில் படம் வெளிவந்தபோது, அமெரிக்காவை அறியாத அயலானின் பிதற்றல் என்று திறனாய்வாளர் பலர் அதனை ஒதுக்கினர்.

கதை மிகச் சிறியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வேலைநிறுத்தம் பற்றி மாணவர்கள் ஓயாது வாதிடுகின்றனர். சாகத் தயார், ஆனால் சலிப்பினால் சாகத் தயாரில்லை என்று கூறி மார்க் என்னும் இளைஞன் வெளியேறுகிறான். பின்னர் நிகழும் மோதலில் காவலர் ஒருவர் சுடப்படுகிறார். சுட்டவன் மார்க்தானா என்பதைப் படம் தெளிவாக்கவில்லை; ஐயம் மட்டும் அவன்மீது விழுகிறது. சிறு விமானமொன்றைத் திருடிக்கொண்டு பாலைநிலத்தை நோக்கிப் பறக்கிறான். பாலையில் விடுமுறை இல்லங்கள் கட்டி விற்கும் நிறுவனத்தில் பணிபுரியும் டாரியா, அதே வழியில் காரில் வருகிறாள். மரணப் பள்ளத்தாக்கின் அருகே, உயிரின் சுவடே அற்ற பண்டைய ஏரிப்படுகையில், இருவரும் ஒன்றுகூடுகின்றனர். விமானத்தைத் திருப்பித் தரச் சென்ற மார்க், காவலர்களின் குண்டுக்கு இரையாகிறான். அச்செய்தி டாரியாவின் கார் வானொலியில் வந்து சேர்கிறது.

பாலைக்குப் பிரிவை உரிப்பொருளாக வகுத்தது தமிழ்மரபு. அதனைக் கற்றவர்க்கு இக்காட்சிகள் புதுப்பொருள் தரும். கூடலுக்கு ஏற்ற நிலமன்று அது. கூடலின் நடுவிலேயே பிரிவு குடிகொண்டிருக்கிறது. ஜெர்ரி கார்சியாவின் தனிக் கிட்டார் அங்கே சொற்களின் பணியை ஏற்று, விரைவின்றி அலைகிறது. மற்றொரு காட்சியில், பாலைவழிச் சிற்றுணவகத்தில் பழைய ‘டென்னசி வால்ட்ஸ்’ ஒலிக்கிறது. இரு தலைமுறைகளின் இடைவெளியை இரண்டு இசைகளே காட்டிவிடுகின்றன.

இறுதிக் காட்சியே படத்தின் உயிர். பாறைகளுக்கிடையே எழுந்த முதலாளியின் மாளிகையை விட்டு வெளியேறிய டாரியா திரும்பிப் பார்க்கிறாள். மாளிகை வெடித்துச் சிதறுகிறது; வெவ்வேறு கோணங்களில் மீண்டும் மீண்டும் சிதறுகிறது. பின்னர் பிங்க் ஃபுளோய்ட் குழுவின் ராக் இசை பெருக, ஆடைகள், தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்ப்பெட்டியின் உணவுகள், நூல்கள் யாவும் நீல வானில் மெல்ல மிதக்கின்றன. அழிவு அழகாகத் தோன்றுகிறது. அந்த அழகே பார்ப்பவனை அச்சுறுத்துகிறது.

ஆயினும் அவ்வீடு வெடித்தது டாரியாவின் மனத்தில் மட்டுமே. முதற்பார்வையில் இசையின் முழக்கம் இவ்வுண்மையை மறைத்துவிடலாம். மறுபார்வையில் இதுவே முதன்மை பெறுகிறது. சினத்தை மனக்காட்சியாக மாற்றிய பெண் உயிரோடு காரோட்டிச் செல்கிறாள்; சினத்தோடு துப்பாக்கி வாங்கிய இளைஞன் மாண்டு கிடக்கிறான்.

படத்திற்கு வெளியே நிகழ்ந்தவை இன்னும் கொடியவை. வெளியாகி மூன்று திங்கள்கூட நிறையுமுன், 1970 மே 4-இல், ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் மாண்டனர். அயலானின் கண் மிகைப்படுத்திவிட்டதென்று எண்ணியோர், அதன்பின் தம் தீர்ப்பை மீண்டும் எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். மார்க்காக நடித்த மார்க் ஃபிரெஷெட், நடிப்புத் தொழிலுக்குப் புதியவர். 1973-இல் பாஸ்டன் நகரில் நண்பர் இருவருடன் வங்கிக் கொள்ளையில் ஈடுபட்டார். நண்பருள் ஒருவர் காவலரின் குண்டுக்குப் பலியானார். சிறை சென்ற ஃபிரெஷெட், 1975-இல் தம் 27-ஆம் வயதில் அங்கேயே இறந்தார். திரையில் வெடித்த மாளிகையை எத்தனை முறையும் மீண்டும் எழுப்பிக் காட்டலாம். அந்த இளைஞரை மீட்டுத் தர எந்தக் கலையாலும் இயலாது.

கலையில் வீணாவது எதுவுமில்லை என்பதற்கும் இப்படம் சான்று தருகிறது. பிங்க் ஃபுளோய்ட் குழுவின் ரிச்சர்ட் ரைட் இதற்கென அமைத்த பியானோ இசையொன்றை அன்டோனியோனி ஏற்கவில்லை. அதுவே 1973-இல் ‘அஸ் அண்ட் தெம்’ என்னும் பாடலாக மலர்ந்து உலகெங்கும் ஒலித்தது.

ஒரு தலைமுறை ஒதுக்கியதை மற்றொரு தலைமுறை ஏற்பதாலேயே படைப்பு குறையற்றதாகிவிடாது. இப்படத்தின் உரையாடல்கள் இன்றும் தட்டையானவையே, நடிப்பும் பழுத்ததன்று. ஆயினும், வீட்டை நிரப்பும் பொருள்கள் மனத்தையும் நிரப்பிவிட முடியுமா என்று அது எழுப்பிய வினா மூப்படையவில்லை. இலக்கியம் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு: முதல் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. வெடியின் ஓசை அடங்கியபின், மிதந்து விழும் துண்டுகளையும் நின்று பார்த்தல் வேண்டும்.