நூற்று அறுபது சதுர அடி

கட்டடங்களுக்கும் வர்க்கம் உண்டு என்பதை மும்பை நகரின் வேர்ளிப் பகுதியில் நாம் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், அங்குள்ள பழைய தொடர்மாடி ஒன்றிலே, நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு மூன்று இரவுகள் தங்கினோம்.

பம்பாய் அபிவிருத்தித் திணைக்களம் 1920களில் தொழிலாளருக்கெனக் கட்டத் தொடங்கியவை இவை. 'பி.டி.டி. சால்' என்பது வழக்கிலுள்ள பெயர். நான்கு இடங்களில் 207 கட்டடங்கள். வேர்ளியில் மட்டும் 121. ஒவ்வொரு மாடியிலும் நடுவே நீண்டதொரு நடை. அதன் இருமருங்கிலும் 20 அறைகள். அறை ஒன்றின் பரப்பு 160 சதுர அடி. மலசலகூடங்கள் எல்லோருக்கும் பொது.

அந்த நடையே அவர்களின் வீதியும் முற்றமும். எதிர் அறையில், கிராமத்தில் குடும்பத்தை விட்டு வந்த ஆலைத் தொழிலாளருக்கு மாதக் கணக்கில் உணவு சமைத்துக் கொடுத்து வாழ்ந்த மூதாட்டி. அடுத்த அறையில் ஓய்வு பெற்ற பொலிஸ்காரர். அவருக்குப் பக்கத்தில், வேலைநிறுத்தக் கூட்டங்களில் பவாடா பாட்டுப் பாடிய முதியவர். ஊர்வலங்களில் எதிரெதிரே நின்ற அவ்விருவரும் ஒரே பத்திரிகையைப் பங்கிட்டு வாசித்தனர்.

நண்பரின் தந்தை நெசவாளர். 1982 ஜனவரி 18இல் தொடங்கி, சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் பங்குபற்றிய வேலைநிறுத்தத்தின் பின்னர் அவரது ஆலை திறக்கப்படவேயில்லை. அந்நாட்களில் எதிர் அறை மூதாட்டி கணக்கு எழுதாமலே சோறிட்டார். ஆலைச் சங்கு ஓய்ந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும், அவர் விடியுமுன் எழுந்து உட்கார்ந்திருப்பதை நாம் கண்டோம்.

இதனாற் பொதுவாழ்வு எல்லாவற்றையும் கரைத்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. 1974 ஜனவரியில் தலித் மக்களுக்கு எதிராக இதே தொடர்மாடிகளிடையே கலவரம் மூண்டது. ஒரே ஆலையில் உழைத்தவர்களைச் சாதி பிரித்து வைத்தது.

எனினும், புறப்படும் நாளில், அந்த நடையின் தோழமையை நாம் வியந்து பேசினோம். நண்பரின் தாயார் மராத்தியிற் சொன்ன பதிலை நண்பர் சற்றுத் தயங்கியே மொழிபெயர்த்தார்:

"மூன்று நாள் இருந்தவருக்கு எல்லாம் அழகுதான், மகனே. நாற்பது வருஷம் காலையில் வாளியோடு வரிசையில் நின்று பார்."

நாம் தலைகுனிந்தோம். வறுமையின் நெருக்கத்தில் முளைத்த தோழமையைப் போற்றப் புகுந்து, அந்த நெருக்கத்தையே போற்றிவிட்டோம்.

2025 ஆகஸ்டில், வேர்ளியில் எழுப்பப்பட்ட புதிய 40 மாடிக் கட்டடங்களில் முதற்கட்டமாக 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடுகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நண்பரின் குடும்பத்துக்குக் கிடைத்தது. வீட்டினுள்ளேயே மலசலகூடம், தாயாருக்கு இனி வரிசை இல்லை. தந்தையோ மாலையில் மின்தூக்கியின் அருகே கதிரையைப் போட்டு, யாராவது வருவார்களா என்று பார்த்திருக்கிறாராம்.

தாயாருக்குக் கிடைத்தது காலந்தாழ்ந்து வந்த நீதி. தந்தை தேடும் நடையை மட்டும் எந்த வரைபடத்திலும் எவரும் வரையவில்லை. அதை வரையும்படி கேட்பதும் எமது கோரிக்கைகளுள் ஒன்றாதல் வேண்டும்.