தொரை தொப்பியும் எங்க தலையும்

தொப்பி என்று சொன்னால் எங்க தோட்டத்து ஆட்களுக்கு ரெண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஒன்று தொரை. மற்றது எம்.ஜி.ஆர். 1917ல நாவலப்பிட்டியில பிறந்தவர், அதனால அவரும் நம்ம பக்கத்து ஆள்தான் என்று மஸ்கெலியா சலூன்கள்ல இன்னமும் பெருமையாப் பேசுவாங்க. ஆனா அவருடையது வெள்ளை ரோமத் தொப்பி, அது தனிக் கதை. நாங்க எழுத வந்தது ஃபெடோராவைப் பற்றி. கம்பளிப் பதமான துணி, சுற்றிவர விளிம்பு, நடுமண்டையில நீளமா ஒரு மடிப்பு, முன்பக்கம் ரெண்டு விரலால கிள்ளி விட்ட மாதிரி ரெண்டு குழி, அடியில ஒரு ரிப்பன். படம் பார்க்கிறவங்களுக்குச் சொன்னா, இண்டியானா ஜோன்ஸ் போடுறது, மைக்கேல் ஜாக்சன் ஆடுறப்போ போடுறது.

நாங்க என்றால் மூணு பேர். ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. மூணு பேருமே கலைப்பீடம், மூணு பேருமே லயத்துப் பிள்ளைகள். ரெண்டு வருஷமா பழைய தொப்பி சேர்க்கிறோம். இப்ப கையில ஏழு இருக்கு. நாலு ஃபெடோரா, விளிம்பு ஒடுங்கின ட்ரில்பி ஒன்று, அகல விளிம்பு டெராய் ஒன்று, உடைஞ்சு போன நெட்டித் தொப்பி ஒன்று. லீவுக்கு வீட்டுக்கு வர்றப்போ போட்டுக்கிட்டுத்தான் வருவோம்.

இந்தத் தொப்பிக்கு பெயர் வந்த கதை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. 1882ல பாரிஸ்ல விக்டோரியன் சார்து எழுதின ஒரு நாடகம் மேடையேறுது. கதாநாயகி ஒரு ரஷ்ய இளவரசி, பெயர் ஃபெடோரா. நடிச்சது சாரா பெர்னார்ட். அவங்க அதில போட்ட மெதுவான தொப்பி பெண்களுக்குப் பிடிச்சுப்போய், கதாபாத்திரத்தின் பெயரே தொப்பிக்கும் ஒட்டிக்கிச்சு. பெண் உரிமை கேட்டு இறங்கினவங்களும் அதைப் போட்டாங்க. 1924 வாக்கில பிரித்தானிய இளவரசர் எட்வர்ட் போடத் தொடங்கின பிறகுதான் அது ஆண்கள் மத்தியில பரவலாச்சு. ஆக, எங்க கூட்டத்துப் பொண்ணைப் பார்த்து “ஆம்பளைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு இது என்னா கோலம்?” என்று கேட்கிறவங்களுக்கு எங்ககிட்ட பதில் தயாரா இருக்கு. அவ அந்தப் பதிலைச் சொல்றதே இல்லை. “குளிருது பாட்டி” என்று சொல்லிட்டு நடந்துடுவா.

சரி, தேயிலைத் தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. வெள்ளைக்காரத் தொரைமார் முதல்ல போட்டது சோலா தொப்பி. பலர் சோலார் தொப்பி என்று சொல்றாங்க, வெயிலுக்குப் போடுறதால அந்தப் பெயர் என்று நினைச்சு. உண்மையில சோலா என்பது சதுப்பில வளர்ற ஒரு செடி. தமிழ்ல நெட்டி. தஞ்சாவூர்ல வெள்ளை வெளேரென்று கோயில் மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறாங்களே, அதே நெட்டிதான். அந்தத் தண்டின் உள்சோறு பஞ்சு மாதிரி இலேசு, சூட்டை உள்ள விடாது. ஆனா மழை என்றால் ஊறிப் போயிடும். மழைக்குப் பெயர்போன மஸ்கெலியாவில அதை வச்சு எப்படிச் சமாளிச்சாங்களோ. அதுக்கு ஒரு மாற்றுத்தான் டெராய் என்கிற அகல விளிம்புத் தொப்பி. ஃபெடோராவுக்கு அண்ணன் முறை என்று வச்சுக்கலாம். எங்க டெராய், தாத்தா பங்களா அப்புவா இருந்த ஒரு வீட்டில இருந்து வந்தது. எழுபதுகள்ல தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்போ கப்பலேறின தொரை விட்டுட்டுப் போனதாம். அப்பு அதைப் போட்டதே இல்லை. ஐம்பது வருஷம் பெட்டிக்குள்ள இருந்திருக்கு.

ஏன் போடல்லை என்று கேட்டா அந்த வீட்டுப் பெரியவங்க சிரிக்கிறாங்க. தொரை வர்ற ரோட்டில தலைப்பா கட்டிக்கிட்டு நிக்க ஏலாது, விரிச்ச குடையை மடக்கணும், செருப்பைக் கழட்டிக் கையில எடுக்கணும், ரோட்டை விட்டு இறங்கி ஓரமா நிக்கணும். இதை எங்க மூணு வீட்டிலேயும் மூணு விதமாச் சொல்லிக் கேட்டிருக்கோம். பெரிய கங்காணிக்கு மட்டும் தலைப்பாவும் கோட்டும் உண்டு. பழைய போட்டோக்கள்ல அவர் அப்படித்தான் நிக்கிறார். மற்றவங்க தலை என்பது குனியறதுக்கும் சுமக்கிறதுக்கும்தான்.

சுமக்கிறது என்று சும்மா சொல்லல்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலதான் மாட்டுது. அதுக்கு அணையா மடிச்சுப் போடுற துணி, மழைக்கு கொங்காணி, இடுப்பில படங்கு. எங்க அம்மாமாருக்கு தலையில போடுறது என்றால் அதுதான். ஃபெடோராவை வச்சுக் கூடை மாட்டினா முதல் நாளே நசுங்கிடும். அது வேலை செய்யாத தலைக்குச் செய்த தொப்பி. இந்த உண்மையை ஒளிச்சு வச்சுட்டு ஸ்டைல் பற்றி மட்டும் எழுத எங்களுக்கு மனசில்லை.

முதல் ஃபெடோராவை கண்டியில பழைய சாமான் விக்கிற ஒரு கடையில 1,200 ரூபாவுக்கு வாங்கினோம். மூணு பேரும் நானூறு நானூறாப் போட்டோம். வீட்டில சொன்னப்போ எங்களில ஒருத்தரின் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அது எத்தனை பேர்?” தோட்டத்தில பேர் என்றால் ஒரு நாள் வேலை. நிறை குறைஞ்சா அரைப்பேர். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் கத்தினோம், கடைசியில 2021லதானே கிடைச்சது. அந்தக் கணக்கில தொப்பி ஒரு பேருக்கும் மேல. அன்றைக்கு நாங்க பதில் சொல்லல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு தொப்பியையும் அந்தக் கணக்கிலதான் வாங்குறோம். ரெண்டு பேருக்கு மேல போனா எவ்வளவு அழகா இருந்தாலும் திருப்பி வச்சுட்டு வந்துடுவோம். சேகரிப்பாளர்கள் தேடுற இத்தாலிய பொர்சலினோ, அமெரிக்க ஸ்டெட்சன் எல்லாம் எங்க கணக்குக்குள்ள வராது. படத்தில பார்த்துக்கிறோம்.

இனி வாங்க நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் தொழில் விஷயம். பழைய தொப்பி என்றால் முதல்ல உள்பக்கம் பாருங்க. நெற்றி படுற இடத்தில தோல் பட்டி இருக்கும். அது வெடிச்சு உதிர்ந்தா தொப்பிக்கு ஆயுள் குறைவு. பட்டியில இலக்கம் இருக்கும். தலையின் சுற்றளவைப் பையால வகுத்து அங்குலத்தில போட்டதுதான் அந்த இலக்கம். கணித பாடத்தில தூங்கினவங்களுக்கு: 57 சென்டிமீட்டர் தலை என்றால் பிரித்தானிய இலக்கம் 7, அமெரிக்க இலக்கம் 7 1/8. நல்ல தொப்பி ஆட்டு ரோமமில்லை, முயல் இல்லாட்டி பீவர் ரோமம். அந்தக் காலத்தில அந்த ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச உப்புப் பாவிச்சாங்க. தொப்பி செய்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கம் வந்தது, புத்தி தடுமாறினது. அமெரிக்காவில 1941லதான் அதை நிறுத்தினாங்க. யாரோ தலைநிமிர்ந்து நடக்கிறதுக்கு இன்னொருத்தன் நடுங்கியிருக்கான். தேயிலைக் கோப்பையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது புதுசாத் தெரியல்லை. நடைமுறைக்கு வந்தா, மிகப் பழையதை வாங்கினா முகத்துக்கு நேரே வச்சுத் தூசி தட்டாதீங்க, கையையும் கழுவிக்குங்க.

முன்னால இருக்கிற கிள்ளலைப் பிடிச்சு தூக்கக்கூடாது, அந்த இடத்திலதான் முதல்ல ஓட்டை விழும். விளிம்பைப் பிடிங்க. மேசையில வைக்கிறப்போ தலைகீழா வைக்கணும், இல்லாட்டி விளிம்பு தட்டையாயிடும். வடிவம் போயிட்டா கேத்தல் ஆவியில காட்டி, கையால மெதுவா மடிச்சு எடுக்கலாம். தேத்தண்ணி ஊத்துற நேரத்திலேயே இந்த வேலையும் முடிஞ்சுடும். ஆனா மஸ்கெலியாவில பெரிய எதிரி பூஞ்சணம். ஜூன் மாதம் தொடங்கினா சுவர் வேர்க்குது, புத்தகம் வேர்க்குது, சான்றிதழ் வேர்க்குது. ட்ரில்பி ஒன்றுக்கு பச்சை பூத்திருச்சு. இப்ப எல்லாம் அடுப்படிப் பரண்ல, பழைய பேப்பர் திணிச்சு இருக்கு. கொஞ்சம் புகை வாசம் வரும். பரவாயில்லை, எங்க ஊர் வாசம்.

போட்டுக்கிட்டு டவுனுக்கு இறங்கின கதைக்கு வருவோம். பஸ் ஸ்டாண்ட்ல ஒரு மாமா “ஏய், சி.ஐ.டி. சங்கர்!” என்று கூப்பிட்டார். ஜெய்சங்கர் படம், 1970. எங்களுக்கு அதை யூடியூப்ல தேடித்தான் புரிஞ்சுது. டிசம்பர்ல இருந்து மே வரைக்கும், சிவனொளிபாதமலை சீசன்ல, நல்லதண்ணி ரோடு முழுக்க கம்பளித் தொப்பிதான். அப்ப யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. யாத்திரைக்காரப் பிள்ளைகள் என்று விட்டுடுவாங்க. சீசன் முடிஞ்ச பிறகுதான் கேள்வி வரும். அதிகமா வர்ற கேள்வி, “என்னா, தொரை ஆயிட்டீங்களா?”

அதில கேலி பாதி. மீதி என்ன என்று நாங்க நிறையப் பேசியிருக்கோம். ‘கபாலி’ வந்தப்போ (2016) கோட்டு போடுறதே அரசியல்தான் என்று எல்லாரும் பேசினாங்க. மலேசியத் தோட்டத்துத் தமிழனின் கோட்டும் சரி, அம்பேத்கரின் கோட்டும் சரி, மறுக்கப்பட்ட ஒன்றை எடுத்துப் போடுறதுதான். எங்களில ரெண்டு பேருக்கு அந்த விளக்கம் போதும். மூணாவது ஆளுக்குப் போதாது. தொரையின் தொப்பியைப் போட்டா தொரை சின்னவனாயிடுவானா, இல்லை நாம அவனைத்தான் அழகென்று ஒத்துக்கிறோமா? இந்தச் சண்டை இன்னும் முடியல்லை. அதனாலதான் நெட்டித் தொப்பியை யாருமே போடுறதில்லை, ஃபெடோராவை மட்டும் போடுறோம். பங்களாக்களை ஹோட்டலாக்கி, வாசல்ல நெட்டித் தொப்பி மாட்டி வச்சு, வர்றவங்க அதைப் போட்டுக்கிட்டுக் கொழுந்துக் கூடையோட படமெடுக்கிறாங்களே, அது மட்டும் சகிக்கல்லை. இதில மூணு பேரும் ஒரே கட்சி.

எங்க சேகரிப்பில தொப்பி இல்லாத பொருள் ஒன்றும் இருக்கு. ஒரு போட்டோ. பழைய மஸ்கெலியா டவுன், 1969ல மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள்ள போச்சு இல்லையா, அதுக்கு முன்னால அங்க ஒரு ஸ்டூடியோவில எடுத்தது. எங்களில ஒருத்தரின் தாத்தா. கால்ல செருப்பில்லை. மேல கோட்டு, தலையில சாய்ச்சு வச்ச ஃபெடோரா. ரெண்டும் ஸ்டூடியோக்காரருடையது, படமெடுக்க வர்றவங்களுக்கு இரவல் கொடுக்கிறது. காலை மறைக்கிறதுக்கு முன்னால ஒரு பூச்சாடி வச்சிருக்காங்க, ஆனா முழுசா மறையல்லை. தோட்டத்து ரோட்டில தலைப்பாவை அவிழ்த்த மனுஷன், டவுன்ல ஒரு அஞ்சு நிமிஷம் காசு கொடுத்து இந்தத் தொப்பிக்குள்ள இருந்திருக்கார். முகத்தில சிரிப்பு இல்லை. ஆனா நாடி கொஞ்சம் மேல தூக்கி இருக்கு. எங்க தொப்பிகள்ல எதுவும் அந்தத் தொப்பி இல்லை. அது தண்ணிக்குப் போச்சோ, ஹட்டனுக்குப் போச்சோ.

இண்டியானா ஜோன்ஸ் பேச்சை எடுத்தோம், முடிக்காம விட்டா சரியில்லை. அந்தத் தொடரின் ரெண்டாவது படம், ‘டெம்பிள் ஆஃப் டூம்’, 1984ல வந்தது. கதை இந்தியாவில நடக்குது. இந்தியா கதையை மாற்றச் சொல்லிக் கேட்க, கண்டியில வந்து எடுத்தாங்க. பட்டினி கிடக்கிற அந்த இந்தியக் கிராமம் ஹந்தானைப் பக்கம் போட்ட செட். கிராமத்துப் பூசாரியா வர்றவர் டி. ஆர். நாணயக்கார, கிராமத்து ஆட்கள் பேசுறது சிங்களம். தொங்குபாலத்தைக் கட்டினது அப்ப விக்டோரியா அணையில வேலை செய்துகொண்டிருந்த பொறியியலாளர்கள். கதவு மூடுற கடைசி நொடியில கையை விட்டு நாயகன் தன்ர தொப்பியை எடுக்கிற இடத்துக்கு ஹொஸ்டல்ல எல்லாரும் கை தட்டினோம். லண்டன்ல ஹெர்பர்ட் ஜோன்சன் கடையில செய்த மாதிரித் தொப்பி அது. உலகத்திலேயே பிரபலமான ஃபெடோரா எங்க மலைக்கு வந்து போயிருக்கு என்று அன்றைக்கு ஒரே குதூகலம்.

பிறகு ஒருத்தர் வருஷத்தைக் கவனிச்சோம். படப்பிடிப்பு தொடங்கினது 1983 ஏப்ரல். ஜூலைக்கு மூணு மாசம். ஹீரோ ஒரு கிராமத்துப் பிள்ளைகளைக் காப்பாத்திக் கொடுத்துட்டுத் தொப்பியோட போயிட்டார். அந்த ஜூலையில மலையகத்து டவுன்கள்லேயும் தமிழ்க் கடைகள் எரிஞ்சுது. எங்க வீடுகள்ல அதைப் பற்றிப் பேசுறப்போ யாரும் படத்தைப் பற்றிப் பேசுறதில்லை, படத்தைப் பற்றிப் பேசுறவங்க ஜூலையைப் பற்றிப் பேசுறதில்லை. ரெண்டும் ஒரே மலை, ஒரே வருஷம். அந்தப் படத்தை நாங்க இப்பவும் பார்ப்போம், தொப்பி இடத்துக்கு இப்பவும் கை தட்டுவோம், ஆனா கொஞ்சம் மெதுவா.

தண்ணி வத்துற மாசங்கள்ல மவுஸ்ஸாக்கலையில பழைய டவுனின் கோயில் வெளியே தெரியும். இந்த முறை அங்க போய் மூணு பேரும் தொப்பியோட ஒரு படமெடுக்கிறதா இருக்கோம். பூச்சாடி வைக்க மாட்டோம். உங்க வீட்டுப் பரண்ல, தகரப் பெட்டியில பழைய தொப்பி இருந்தா எறிஞ்சுடாதீங்க, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. விலை ரெண்டு பேருக்கு மேல போகாம பார்த்துக்குங்க. போட்டுப் பார்க்க ஆசையிருக்கிறவங்க தையல் நாடாவை நெற்றிக்கு மேல சுற்றி அளந்துட்டு வாங்க. 57 என்றால் ரெண்டு இருக்கு. 60க்கு மேல என்றால் டெராய்தான்.