ஆசனமும் செவியும்

பலர் கூடிப் பணியாற்றும் இடத்திலே எவரும் புறத்தே நில்லாவண்ணம் அனைவரையும் அணைத்துச் செல்வதே தலைமைக்கு அழகு. இதனை இக்கால முகாமைத்துவ நூல்கள் புதுமையெனப் பேசுகின்றன. யாழ்ப்பாணத்தவராகிய நாமோ இப்பாடத்தை ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே பள்ளிக்கூட வாங்குகளிற் கற்கத் தொடங்கினோம்.

1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பூண்டது. தீண்டாமை ஒழிப்பு அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அந்நாளிலே ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் நிலத்திலிருந்தே படித்தனர். அவர்களையும் ஏனையோருடன் ஒரே வாங்கில் இருத்தவேண்டும் என்னும் சமாசனக் கொள்கை 1920களின் இறுதியில் வலுப்பெற்றது. அப்போது எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கில் ஓரிடம் கொடுப்பதுகூட எத்துணை அரிதாயிருந்தது!

அக்காங்கிரசின் மூலவருள் ஒருவரான ஹண்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த ஒருவரை இந்துக் கல்லூரியொன்று தன் தலைவராக ஏற்றமை, தகுதியையே நோக்கிய பெருந்தன்மையாகும்.

இன்று சட்டம் பலருக்கு ஆசனம் வழங்கியுள்ளது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறையுடையோருக்கு வேலைவாய்ப்பிற் பாரபட்சங் காட்டலாகாதென விதித்தது. ஆயினும் கந்தோர்களுள் நுழைந்து பார்ப்போமாக. கூட்டம் ஒரு மொழியிலே நடக்கின்றது. மற்றை மொழியினர் தலையசைத்துவிட்டு எழுந்து போகின்றனர். பெண் உத்தியோகத்தர் கூறிய கருத்து, ஓர் ஆண் அதனைத் திருப்பிக் கூறிய பின்னரே குறிப்பேட்டில் ஏறுகின்றது. கூரை ஒழுகும் இடம் சிற்றூழியருக்கே முதலில் தெரியும், அவரைக் கேட்பாரில்லை.

ஆசனத்தைச் சட்டம் தரலாம். செவியைத் தலைவனே தரவேண்டும். இறைமாட்சி கூறவந்த வள்ளுவர், யாவரும் எளிதிற் காணத்தக்கவனாய் இருத்தலையும், கசக்கும் சொல்லைப் பொறுத்தலையும் அரசனுக்குரிய பண்புகளாக வைத்தமை சிந்திக்கத்தக்கது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கூட்டத்திலே இளையவரை முதலிற் பேசவிடுதல் நன்று. தலைவர் வாய்திறந்தபின் அவரை மறுத்துரைக்கும் துணிவு பலர்க்கு வாராது. முடிவுசெய்தபின் அறிவிப்பதிலும், முடிவுசெய்யுமுன் வினாவுதல் சிறந்தது. எல்லோரையும் கேட்பதனால் எல்லோர்க்கும் இணங்கவேண்டும் என்பதில்லை. தன் சொல் கேட்கப்பட்டதென அறிந்தவன், தான் விரும்பாத முடிவையும் மனமொப்பி நிறைவேற்றுவான்.

பழைய மாணவ அன்பர்காள்! உங்களிற் பலர் இன்று பல நிறுவனங்களின் தலைமைப் பீடங்களில் அமர்ந்திருக்கின்றீர்கள். நிலத்தில் இருந்த பிள்ளைக்கு வாங்கில் இடம்பெற ஒரு தலைமுறை போராடிற்று. உங்கள் கந்தோரிலே பேச வாய்ப்பின்றி இன்னும் ஒதுங்கி நிற்பவர் யாவரென நாளைக் காலை ஒருமுறை நோக்குவீர்களாக.