வாழைப்பழக் கேக்கும் வீட்டுப் பொறுப்பும்



கேக் என்பது பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பிறக்கும் பண்டம் என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். அதை வீட்டு அடுப்பிலேயே, நடுவில் பழம் வைத்து, எளிதாகச் செய்யலாம். எப்படிச் செய்வது என்பதையும், யார் செய்வது என்பதையும் பற்றி உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். இரண்டாவது கேள்விதான் எங்கள் வீட்டில் பெரிதாக எழுந்தது.

நாங்கள் வசிக்கும் நெருப்பெரிச்சல் திருப்பூரின் வடபகுதி. இங்கே பொழுதை ஷிப்டைக் கொண்டுதான் அளக்கிறார்கள். காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைபவர், ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்குமேல்தான் வெளியே வருகிறார். என் துணைவியாரும் அப்படித்தான். செக்கிங் பிரிவில் நின்றபடியே துணியில் ஓட்டையும் கறையும் தேடித் தேடி, கண்ணும் காலும் ஓய்ந்து வீடு திரும்புவார். நானோ மதரஸா ஆசிரியன். அதிகாலைத் தொழுகைக்குப் பின் ஒரு வகுப்பு, அஸருக்குப் பின் ஒரு வகுப்பு. நடுப்பகல் முழுதும் வீட்டில்தான். ஆகவே சமையலில் பாதி என்னுடையது என்பது எங்களுக்குள் நெடுநாளைய ஏற்பாடு.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குச் சில மாதங்களுக்கு முன் அது பிடிக்காமல் போயிற்று. “அத்தா, நீங்கள் ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள்? அம்மா வந்து செய்யட்டுமே” என்றான். தெருவில் யாரேனும் கேலி பேசியிருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் தாய் மறுபடியும் அடுப்படியில் நிற்க வேண்டும் என்பது அவனுக்கு அவ்வளவு இயல்பாகத் தோன்றியது என்னை உறுத்தியது. உபதேசம் செய்யவில்லை. “சனிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அம்மாவுக்கு ஒரு கேக் செய்வோம், வா” என்று அழைத்தேன்.

வரலாற்றில் இளங்கலை படித்தவன் என்பதால், மாவைச் சலிக்கும்போதே ஒரு வரலாற்றைச் சொன்னேன். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்றொரு மருந்து வணிகர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காகவே 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டு பொடியை உருவாக்கினார். 1843இல் ஈஸ்ட் இல்லாமல் மாவை உப்ப வைக்கும் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். இன்று நாம் கேக்கில் இடும் அந்த வெள்ளைப் பொடிக்குப் பின்னால் மனைவியின் உடல்நலத்தை எண்ணிய ஒரு கணவர் இருக்கிறார். என் மகன் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நாங்கள் தேர்ந்தெடுத்தது நேந்திரம் பழம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மலபார் முஸ்லிம் இல்லங்களில் நேந்திரம் பழமும் முட்டையும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறுதீயில் வேகவைக்கும் ‘காய்ப்போளா’ பெயர் பெற்ற பண்டம். நம் கேக் அதன் உறவு என்றே கொள்ளலாம்.

தோல் கறுக்கத் தொடங்கிய இரண்டு பழங்களைப் பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி நெய்யில் வதக்குங்கள். மூன்று கரண்டி நாட்டுச்சர்க்கரை, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல், ஏலக்காய்ப் பொடி, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் சுருளும்வரை கிளறி ஆறவிடுங்கள். பூரணம் இறுகியிருப்பது மிக முக்கியம். ஈரம் மிகுந்தால் அடியிலுள்ள மாவு வேகாமல் களியாகிவிடும்.

மூன்று முட்டையையும் 150 கிராம் பொடித்த சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, 100 மில்லி எண்ணெயும் 50 மில்லி பாலும் சேருங்கள். 200 கிராம் மைதாவோடு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து சலித்து, அதில் மெதுவாகக் கலக்குங்கள். அதிகம் அடித்தால் மாவில் இழுவை உண்டாகிக் கேக் கடினப்படும். ஈரம் பட்டவுடனேயே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடுவதால் மாவைக் காத்திருக்க விடாதீர்கள். நெய் தடவிய பாத்திரத்தில் பாதி மாவை ஊற்றி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டுப் பூரணத்தைப் பரப்பி, மீதி மாவால் மூடுங்கள்.

பழைய கனத்த பாத்திரம் ஒன்றில் ஒரு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றுங்கள். மணல்மேல் ஒரு வளையம் வைத்து, அதன்மேல் கேக் பாத்திரத்தை இறக்கி, மூடிச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். முதல் அரைமணி நேரம் திறக்கவே கூடாது. முட்டையும் மாவும் இறுகுமுன் குளிர்காற்றுப் பட்டால் எழும்பிய கேக் அமுங்கிவிடும். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

காத்திருந்த வேளையில் மகன், “மேலே வைக்கச் செர்ரி வேண்டாமா?” என்றான். நம் ஊர்க் கேக்குகளின்மேல் சிவந்து நிற்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறி, சாயம் ஏற்றப்பட்ட களாக்காய்தான். ‘டூட்டி ஃப்ரூட்டி’ என்னும் வண்ணத் துண்டுகளோ பப்பாளிக்காய். இரண்டும் நல்ல காய்களே. ஆயினும் உண்பது இன்னது என்று அறிந்து உண்பது நன்றல்லவா? நம் கேக்கில் இருப்பதை அவனே தன் கையால் நறுக்கியிருந்தான்.

அன்றிரவு எட்டரை மணிக்கு அவன் தாயார் வந்தார். தட்டை நீட்டியவன் அவன்தான். “ஏலக்காய் கொஞ்சம் கூடுதல்” என்றவர், இரண்டாவது துண்டைத் தாமே எடுத்துக்கொண்டார். அதன்பின் அவன் மனம் முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் பழம் நறுக்கும் வேலையை வேறெவரிடமும் அவன் விடுவதில்லை.

சகோதரர்களே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. மேடைகளில் இதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளோ நாம் சொல்வதை விட்டுவிட்டு நாம் செய்வதைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டிலும் உழைத்துக் களைத்து இரவில் திரும்பும் தாயோ துணைவியோ சகோதரியோ இருக்கக்கூடும். இந்த வாரமே ஒரு நாள் அவர் வருமுன் அடுப்பைப் பற்றவையுங்கள். மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.