ஆள் இல்லாத படம்

கடையைப் புதுப்பித்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை, பெயிண்ட் காய்ந்து விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை படம் பிடிக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளம்பரம் போடுவார்கள். உள் அலங்காரம் செய்த இன்ஜினியரும் அடுத்த கடைக்காரரிடம் அதைத்தான் காட்டுவார். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடைக்குப் பஞ்சமில்லை. அதனால் எனக்கும் சோறு கிடைக்கிறது.

கல்யாணப் படம் மாதிரி இல்லை இந்த வேலை. கேமராவை ஸ்டாண்டில் நெஞ்சு உயரத்துக்கு மட்டமாக நிறுத்த வேண்டும். கொஞ்சம் அண்ணாந்து பார்த்தாலும் தூண்கள் உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். விளக்குக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, மூலை இருட்டுக்கு ஒன்று என்று ஒரே இடத்தை மூன்று தடவை எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் ஜரிகை ஜொலிக்கும், நீலப் புடவை கறுத்துப்போகும். நிலைக்கண்ணாடியில் என் உருவமே விழும். அதைக் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். கடைசியில் படத்தில் கடை மட்டும் இருக்கும். ஆள் இருக்கக் கூடாது. இதுதான் தொழிலில் முதல் பாடம்.

2022இல் ஒரு பழைய கடையைப் புதுப்பித்தார்கள். பெயர் வேண்டாம். கூப்பிட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கடை வாசற்படியை எனக்கு 1988லேயே தெரியும்.

அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். எனக்குப் பத்து வயசு. அம்மா, அக்கா, நான் மூணு பேரும் காலனியிலிருந்து நடந்தே வந்தோம். அப்போது அந்தக் கடையில் தரையில் மெத்தை போட்டு வெள்ளைத்துணி விரித்திருக்கும். வாங்க வந்தவர்கள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கடைக்காரர் புடவையைப் பிரித்து மடிமேலேயே போடுவார். நாங்கள் படி ஏறினோம். “எந்த ஊரும்மா?” என்றார் ஒருத்தர். அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம், காலனி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

“அங்கியே நில்லு. எடுத்தாந்து காட்டறேன்.”

மெத்தையில் இடம் நிறைய இருந்தது. வாசற்படியில் நின்றபடியே ரெண்டு புடவை பார்த்தோம். தொட நீட்டிய அக்காவின் கையை அவர் ஒரு பார்வை பார்த்தார். “வாடி போலாம்” என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அக்கா தொடாத பட்டா? ஒன்பது வயசில் அவளைத் தறிக்கு அனுப்பினார்கள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வாங்கிய முன்பணத்துக்கு ஈடு அவள். கோர்வைப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவருக்குக் கை ரெண்டுதானே? ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போடப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் ஒரு பிள்ளை. ஒன்பது வருசம் அக்கா அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தறி இருக்கிற முன்னறையைத் தாண்டி அந்த வீட்டுக்குள் அவள் போனதில்லை. குடிக்கத் தனி லோட்டா.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகுதான் அக்கா தறிக்குப் போனாள். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, பட்டுத்தொழிலில் கொத்தடிமையாகக் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோதும் காஞ்சிபுரம் அதில் இருந்தது. கடை வாசலுக்கும் சட்டம் உண்டு. 1950இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள். சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் முதலில் வருவது கடை. ஓட்டல்கூட அப்புறம்தான். எழுதினவர்களுக்குக் கடை வாசல் தெரிந்திருக்கிறது.

2022இல் போனபோது மெத்தை இல்லை. கிரானைட் தரை, ஏ.சி., சோபா, கூரை முழுக்க விளக்கு. நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு தறி. நெய்யறதுக்கு இல்லை, பார்வைக்கு. பாவு ஏற்றி, பாதி நெய்த புடவையோடு நிறுத்தி, மேலே ரெண்டு விளக்குப் போட்டிருந்தார்கள். முதலாளி மகன் மரியாதையான பையன். “அண்ணா, ஃபிரேம்ல மட்டும் ஆள் வேணாம்” என்றான். தச்சர்களும் கல் ஒட்டுகிற பையன்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். குப்பை வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, எங்கள் பக்கத்துக் காலனிக்காரி, துடைப்பத்தோடு எங்கே போவது என்று தெரியாமல் முழித்தாள். நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

“அங்கியே நில்லும்மா.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கை நடுங்கியது. அன்றைக்கு முதல் மூணு படம் வீண்.

நான் கலர் லேபில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவன். நம்ம ஜனங்கள் முகம் மட்டும் படத்தில் ஏன் அடுப்புக்கரி மாதிரி விழுகிறது என்று அப்போது புரியவில்லை. நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி என்று அதற்குப் பெயர். கறுத்த முகம் சரியாக விழவில்லை என்பது வருசக்கணக்கில் கேட்பாரில்லாமல் கிடந்தது. சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் கம்பெனி பிலிமைத் திருத்தியது என்று கனடா நாட்டு ஆய்வாளர் லோர்ணா ரோத் எழுதியிருக்கிறார். அங்கேயும் சரக்குக்குத்தான் முதல் மரியாதை. ஆள் அப்புறம்.

வீட்டுக்கு வந்து படங்களை அக்காவிடம் காட்டினேன். சோபாவை, விளக்கை எல்லாம் தள்ளிவிட்டுத் தறிப் படத்தில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கரை நாடா போடற எடம் காலியா கீதேடா” என்றாள்.

பணம் வாங்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். படி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, தறியாண்ட ஒக்காரு, ஒரு படம் எடுக்கறேன்” என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

“அங்க ஒக்காந்தது போதும். தோ, அந்த சோபாவுல ஒக்கார்றேன், எடு.”

நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலாளி மகன் வந்து, “இது நமக்கு எதுக்குண்ணா?” என்றான். “உங்களுக்கு இல்லப்பா, எங்களுக்கு” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குப் பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் கேமராவோடு நானும் விழுந்திருக்கிறேன். அதை அழிக்கவில்லை.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் முதல் படம், வேலை செய்தவர்களை நடுக்கடையில் நிற்கவைத்துத்தான். ஆளுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுவேன். நேரம் வீணாகிறது என்று ஒரு இன்ஜினியர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த வருமானம் போனது வீட்டில் இடிக்கத்தான் செய்கிறது. குப்பை வாரிய அந்த அம்மாவைத் தேடிப் போனேன், இன்னும் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஒரு படம் பாக்கி இருக்கிறது.